அம்மைத் தழும்பும் ஓர் அருங்காட்சியகமும்

(அறக்கட்டளையின் ஔஷத தான நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உணவு, மருந்து, நூல், அடைக்கலம் எனத் தானத்தை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். மருந்தின் பெயரையே நூலுக்கும் இட்டு, உடல்நோய்க்கு வேர்கள் போல உயிர்நோய்க்கு அறங்கள் என்று பாடிய காரியாசானும் கணிமேதாவியாரும் நம் சமயச் சான்றோரே. சிறுபஞ்சமூலத்தையும் ஏலாதியையும் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியவள் நான். இன்றும் அவற்றையே பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் பேச எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் இருக்கும் பழைய வீடு ஒன்றைப் பற்றி.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் தங்கள் கையைச் சற்றுத் தடவிப் பாருங்கள். காசளவில் வட்டமாக, நடுவே குழிந்து, சுருக்கம் விழுந்த தழும்பு ஒன்றோ இரண்டோ இருக்கும். அதுதான் பெரியம்மைக்குக் குத்திய வடு. பிள்ளைகள் தங்கள் தோளைக் காட்டுகிறார்கள். உங்கள் தோளில் இருப்பது காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு, அது வேறு. இந்த அவையில் ஒரு பாதிப் பேரின் கையில் இருக்கும் இவ்வடு மறுபாதியினரின் கையில் இல்லை. ஏன் இல்லை என்பதே என் உரையின் பொருள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரிஸ்டல் நகரில் பணிபுரியும் என் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கிருந்து வடக்கே, குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பார்க்லி என்று ஓர் ஊர். ஒரு பழங்கோட்டை, அதையொட்டி ஒரு தேவாலயம், தேவாலயத்தின் அருகே ஒரு வீடு. எட்வர்ட் ஜென்னர் என்னும் மருத்துவர் 1785-இல் வாங்கி, 1823-இல் இறக்கும் வரை வாழ்ந்த இல்லம் அது. இன்று அதை ஒரு சிறு அறக்கட்டளை அருங்காட்சியகமாக நடத்திவருகிறது. அருங்காட்சியகம் என்றதும் நம் மனத்தில் எழும் பெருமாளிகை அன்று. நம் ஊர்ப் பெரிய மிராசுதாரின் வீடு அளவே இருக்கும்.

என் பேத்தியும் உடன் வந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. அந்த எட்டு வயதுக்கு ஒரு பொருத்தம் உண்டு, பின்னர்ச் சொல்கிறேன்.

பெரியம்மை என்றால் சின்னம்மையின் அண்ணன் என்று எண்ணுகிறார்கள் இக்காலப் பிள்ளைகள். இரண்டுக்கும் உறவே இல்லை. பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூவர் இறந்தனர். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் பள்ளம். பலருக்குப் பார்வை போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் முப்பது கோடிப் பேரை அது கொண்டுசென்றது என்று மதிப்பிடுகின்றனர். இவ்வளவு பெரிய கொடுமையை ஒரே தலைமுறையில் மறந்துவிட்டோம். ஒரு நோயை ஒழிப்பதில் உள்ள வினோதம் இது. மருந்து முழுமையாக வென்றுவிட்டால், அந்த மருந்து எதற்கு என்று கேட்கும் தலைமுறை பிறந்துவிடுகிறது. அந்த மறதிக்கு எதிராகத்தான் பார்க்லி வீடு கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஜென்னரின் கதையைப் பாடநூல்கள் நான்கு வரியில் சொல்லி முடித்துவிடும். பால் கறக்கும் பெண்களுக்குப் பசுவின் மடியிலிருந்து கையில் கொப்புளம் வரும். அந்தப் பசு அம்மை வந்தவர்களைப் பெரியம்மை தீண்டுவதில்லை என்பது அந்நாட்டுக் குடியானவர் அனைவரும் அறிந்த செய்தி. சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறி வைத்தார் ஜென்னர். நாள் 1796 மே 14. பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே 'வாக்சின்' என்ற பெயர் பிறந்தது. அந்தப் பசுவுக்கும் பெயர் உண்டு, பிளாசம். பூ என்று பொருள். அதன் தோல் இன்றும் இலண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் தொங்குகிறது.

இந்த நான்கு வரிக்கு அப்பால் இருப்பவற்றையே அவ்வீட்டில் அறிந்துகொண்டேன். ஜென்னர் தாமே எட்டு வயதில் ஒரு கொடுமைக்கு ஆளானவர். அக்காலத்தில் பெரியம்மைச் சீழையே சிறிதளவு உடம்பில் ஏற்றி, இலேசாக நோயை வரவழைத்துக் காக்கும் முறை இருந்தது. நம் நாட்டிலும் துருக்கியிலும் நெடுங்காலம் வழங்கிய முறைதான் அது. அதற்கு ஆயத்தமாகச் சிறுவன் ஜென்னரைப் பட்டினி போட்டு, குருதி வடித்து, மெலியவைத்துப் பின் மற்றப் பிள்ளைகளோடு குதிரைக் கொட்டடியில் அடைத்துவைத்தனர். அந்த நினைவு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

அவருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்பே, 1774-இல், பெஞ்சமின் ஜெஸ்டி என்னும் உழவர் தம் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் காலுறை பின்னும் ஊசியால் பசு அம்மையைக் குத்திவிட்டார். ஊரார் அவரை இழித்துப் பேசினர். படித்தவர் செய்தபோது அது கண்டுபிடிப்பாயிற்று. உழவர் செய்தபோது பைத்தியக்காரத்தனமாயிற்று. ஜென்னர் ஆய்ந்தார், எழுதினார், உலகுக்குப் பகிர்ந்தார். அந்தப் பெருமை அவருக்கே உரியது. ஆயினும் முதலிடத்தில் ஓர் உழவரும் ஒரு பால்காரப் பெண்ணும் நிற்கிறார்கள் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சிறுவன் பிப்ஸ் நிலமற்ற கூலியாளின் மகன். பசு அம்மை குத்திய ஆறேழு வாரங்களில் அவனுக்கு உண்மையான பெரியம்மைச் சீழையே செலுத்திப் பார்த்தார் ஜென்னர். நோய் வரவில்லை. வந்திருந்தால்? அந்த இடத்தில்தான் என் பேத்தி என் முந்தானையை இழுத்து, "அந்தப் பையன்கிட்ட கேட்டாங்களா, பாட்டி?" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. அவன் தந்தையிடம் கேட்டிருக்கலாம். முதலாளி கேட்டால் கூலியாள் மறுக்கக்கூடிய காலமா அது? பிப்ஸ் வளர்ந்தபின் ஜென்னர் அவருக்குக் குடியிருக்க வாடகையின்றி ஒரு குடிசை வீடு தந்தார். 1823-இல் ஜென்னரின் இறுதிச் சடங்கில் பிப்ஸும் நின்றிருந்தார். அந்தக் குடிசைதான் ஜென்னரின் நினைவாக முதலில் அருங்காட்சியகமாக விளங்கியது. பின்னர் ஜப்பானியக் கொடையாளர் சசகாவா என்பவரின் உதவியால் பெரிய வீடு கைக்கு வந்து, 1985-இல் அருங்காட்சியகம் அங்கே மாறியது. இத்தனையும் சொன்னாலும் பேத்தியின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. ஒரு நல்ல அருங்காட்சியகம் எட்டு வயதுக் குழந்தையை அப்படிக் கேட்க வைக்கிறது. பெரியவர்களைத் திணற வைக்கிறது.

தோட்டத்தில் ஒரு சிறு குடில் உள்ளது. கூரை வேய்ந்து, மரக்கட்டைகளைக் கொண்டு எழுப்பியது. அதற்குப் 'பசு அம்மைக் கோயில்' என்று பொருள்படும் பெயரை இட்டிருந்தார் ஜென்னர். ஊர் ஏழைகளை அங்கே வரவழைத்துக் காசு வாங்காமல் அம்மை குத்தினார். நம் சொல்லில் சொன்னால் ஔஷத தானம். இன்று நம் முகாமின் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தபோது அந்தக் குடில்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டினுள், முதிய தொண்டர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இடையில், "இங்கே யாருக்கேனும் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா?" என்று வினவினார். இங்கிலாந்தில் 1971-லேயே அனைவருக்கும் குத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியைகளும் இளையவர்கள். எவரும் வாய் திறக்கவில்லை. நான் தயங்கித் தயங்கிக் கம்பளிச் சட்டையின் கையை மேலே ஏற்றினேன். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தாள் ஒரு சிறுமி. வலித்ததா என்றான் இன்னொருவன். கண்ணாடிப் பேழைக்குள் இருந்த கத்திகளை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு, காட்சிப்பொருளாக நிற்பது புது அனுபவம்.

அப்பொழுதுதான் என் பெரியம்மா நினைவுக்கு வந்தார். ஐந்து ஆண்டுகளாக எழுத நினைத்து எழுதாமல் விட்ட செய்தி. இம்மலரில் பதிவாகட்டும் என்று இன்று சொல்கிறேன்.

என் தாயார் பிறந்தது வந்தவாசிப் பக்கம் ஒரு சிற்றூரில். நாற்பதுகளில் ஒரு நாள் அம்மை குத்துகிறவர் தலையாரியோடு ஊருக்குள் வந்தார். எங்கள் பாட்டியார் பெரிய மகளை நெற்குதிருக்குள் இறக்கி மூடிவிட்டார். சின்னவளாகிய என் தாயார் தெருவில் விளையாடிக்கொண்டிருந்ததால் பிடிபட்டார், குத்தினார்கள். பாட்டியார் மறைத்ததற்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம் வேறு. மாரியம்மைக்கு அஞ்சியவர் அல்லர் அவர். அந்த மருந்து கன்றுக்குட்டியின் தோலைக் கீறிப் புண்ணாக்கி எடுப்பது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "ஓர் உயிரைப் புண்ணாக்கி என் பிள்ளையைக் காக்க வேண்டாம்" என்றாராம். மழைக்காலத்தில் மாலை மங்குமுன் உண்டு முடிக்கும் வீடு அது.

பாட்டியார் கேள்விப்பட்டது பொய்யன்று. தொடக்கத்தில் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றிக் குத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கன்றுகளின் தோலில் வளர்த்தெடுப்பது வழக்கமாயிற்று. சென்னை கிண்டியில் 1899-இல் தோன்றிய கிங் நிலையம் அம்மைப்பால் தயாரிக்கவே எழுந்தது.

சில ஆண்டுகளில் ஊரில் பெரியம்மை பரவியது. குதிருக்குள் இருந்த பெரியம்மாவுக்குக் கண்டது. உயிர் பிழைத்தது, இடக்கண் போயிற்று. முகம் முழுவதும் தழும்பு. அவருக்குத் திருமணம் நடக்கவில்லை. எங்களையெல்லாம் தூக்கி வளர்த்தவர் அவரே. பாட்டியார் அதன்பின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார்; அந்தக் குதிரை மட்டும் அடுத்த அறுவடைக்கு முன்பே உடைத்துப்போட்டுவிட்டாராம்.

பாட்டியாரை அறியாதவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கேட்டது அறம் சார்ந்த கேள்வி. கன்றின் வருத்தத்தையும் குழந்தையின் உயிரையும் எப்படி நிறுப்பது என்பது இன்று ஆய்வுக்கூடங்களிலேயே கேட்கப்படும் கேள்விதான். அவருக்கு நேர்ந்த குறை ஒன்றே: அந்தக் கேள்விக்கு அமர்ந்து விடை சொல்ல ஒருவரும் வரவில்லை. வந்தவர் கையில் ஊசி இருந்தது, உடன் தலையாரி இருந்தார்; பேச்சு இல்லை.

இங்கிலாந்திலும் இதுவே நடந்திருக்கிறது. 1802-இல் கில்ரே என்னும் ஓவியர் வரைந்த கேலிச்சித்திரத்தில், அம்மை குத்திக்கொண்டவர்களின் மூக்கிலும் கையிலும் பசுக்கள் முளைக்கின்றன. 1853-இல் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைச் சட்டம் கட்டாயமாக்கியது. தவறினால் தண்டம், சிறை. 1885-இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரவர் திரண்டு ஊர்வலம் சென்றனர். இறுதியில் 1898-இல், மனச்சான்று ஒப்பாத பெற்றோருக்கு அரசு விலக்களித்தது. அந்தப் பெற்றோரை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட்டு மருத்துவ வரலாற்றை எழுத முடியாது. என் பாட்டியாரை ஒதுக்கிவிட்டு எங்கள் குடும்ப வரலாற்றையும் எழுத முடியாது.

நம் பக்கத்தில் பேசிப்பார்த்த ஒருவர் உண்டு. தமிழ் படித்தவர்கள் அவரை அறிவார்கள். திருக்குறளுக்கு ஆங்கில உரை எழுதிய எல்லீசன், எல்லிஸ் துரை. அவர் காலத்துப் பொற்காசில் உள்ள திருவள்ளுவர் உருவத்தைச் சமண முனிவராகக் கண்டு ஐராவதம் மகாதேவன் எழுதியதை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றைய உரை முடியாது. அந்த எல்லீசன் தமிழிலேயே, தன்வந்திரிக்கும் அன்னை சக்திக்கும் நடந்த உரையாடல் போல ஒரு கதை எழுதினார். பசுவின் கொடையாகிய இந்த அம்மைப்பாலை மக்கள் ஏற்கலாம் என்று தெய்வமே சொல்வதாக அமைத்தார். மக்களின் மொழியில், மக்கள் மதிக்கும் வாயால் சொல்ல வேண்டும் என்று உணர்ந்திருந்தார். அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். ஆனால் தான் இயற்றியதைத் தெய்வ வாக்காகக் காட்டியது எனக்கு உடன்பாடில்லை. நன்மை பயக்குமாயின் பொய்ம்மைக்கும் இடம் உண்டென்று வள்ளுவர் ஒரு விலக்குத் தந்திருக்கிறாரே என்று சிலர் கேட்கலாம். அந்த விலக்கு மருத்துவத்தில் செல்லாது என்பது என் கருத்து. ஒருநாள் உண்மை தெரிந்தால், பொய்யோடு சேர்த்து மருந்தையும் அல்லவா தூக்கி எறிவார்கள்?

இந்தியாவில் முதன்முதல் அம்மை குத்தப்பெற்றவளும் ஒரு குழந்தையே. 1802 ஜூன் 14-ஆம் நாள், பம்பாயில், ஆனா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமி. வியன்னாவிலிருந்து பாக்தாது, பஸ்ரா வழியாக வந்த அம்மைப்பால் அவள் கையில் பற்றியது. அவள் கையிலிருந்தே பிறருக்குச் சென்றது. இந்த நாட்டுக்கு அவள் கொடுத்த கொடை அது. மூன்று வயதில் அவளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

அதன்பின் நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1974-இல் கூட, சனவரி முதல் மே வரையிலான ஐந்தே மாதங்களில் 15,000 பேருக்கு மேல் நம் நாட்டில் பெரியம்மைக்குப் பலியாயினர். அப்போது சுகாதாரப் பணியாளர்கள் கையில் ஒரு படத்தட்டை வைத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்றார்கள். அம்மை கண்ட குழந்தையின் படம் அதில் இருக்கும். "இப்படி யாரையாவது பார்த்தீர்களா?" என்று சந்தையிலும் பள்ளியிலும் கேட்டார்கள், சொன்னவர்க்குப் பரிசு உண்டு. நோய் கண்ட வீட்டைச் சுற்றியிருந்தோர்க்கெல்லாம் குத்தினார்கள். ஊர் முழுவதையும் துரத்திப் பிடிப்பதை விட இது பலன் தந்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது.

உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியா நாட்டு மெர்க்கா நகரில் மருத்துவமனைச் சமையற்காரராக இருந்த அலி மாவ் மாலின். ஆண்டு 1977. மருத்துவமனையில் வேலை செய்தும் ஊசிக்குப் பயந்து குத்திக்கொள்ளாமல் தப்பித்திருந்தார். பிழைத்தார். பிற்காலத்தில் இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்துக்காக ஊர் ஊராக நடந்து, தாய்மார்களிடம் தாம் பயந்து ஓடிய கதையையே சொல்லி மனத்தை மாற்றினார். 2013-இல் அப்பணியின் இடையே இறந்தார். எல்லீசனின் கதையினும் இவர் கதை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தெய்வத்தைத் துணைக்கு அழைக்காமல், "நான் பயந்தேன், எனக்கு வந்தது" என்று மட்டும் சொன்னார்.

1980 மே 8-ஆம் நாள், பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. நாற்பது ஆண்டு கழித்துக் கொரோனா வந்தபோது, உலகமே தடுப்பூசி தடுப்பூசி என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தடுப்பூசி பிறந்த பார்க்லி வீடு பூட்டிக் கிடந்தது. பார்வையாளர் இல்லை, வருவாய் இல்லை. பொதுமக்களிடம் கையேந்தியே மீண்டது.

இப்போது நம் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம். இக்கட்டடத்தின் கிழக்கு அறையில் இரண்டு அலமாரிகள் காலியாக இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் மருந்தரைத்த குழியம்மி, பிள்ளைக்கு மருந்து புகட்டிய சங்கு, கைவைத்தியம் எழுதிய ஓலைச்சுவடி, பழைய அம்மை குத்திய சான்றுச் சீட்டு எதுவேனும் இருக்கலாம். பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் இங்கே கொண்டுவந்து தாருங்கள். பொருளோடு, அதை யார் வைத்திருந்தார், எப்போது பயன்பட்டது, மருந்தை மறுத்தவர் இருந்தால் ஏன் மறுத்தார் என்றும் நான்கு வரி எழுதித் தாருங்கள். எழுத இயலாத பெரியவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ள நான் சனிக்கிழமைதோறும் வந்து அமர்கிறேன்.

பெரியம்மாவின் நிழற்படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. என் தாயாரின் திருமணத்தில் எடுத்தது. எல்லாரும் நேரே பார்க்கிறார்கள். அவர் மட்டும் வலப்பக்க முகம் தெரியுமாறு திரும்பி நிற்கிறார். முதற்பொருளாக அதைக் கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.